பாட் ஹோம்பர்க் காசினோ: மான்டி கார்லோவைப் பெற்றெடுத்த குட்டி ஊர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட் ஹோம்பர்க் எங்கே இருக்கிறது?

ஜெர்மனியின் ஹெஸ்ஸ மாநிலத்தில், ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு வடக்கே டவுனுஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து புறநகர் ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். முழுப் பெயர் 'பாட் ஹோம்பர்க் ஃபோர் டெர் ஹோஹெ'. 'ஃபோர் டெர் ஹோஹெ' என்றால் மலைக்கு முன்னால் என்று பொருள். 'பாட்' என்றால் குளியல். மருத்துவ நீரூற்று உள்ள ஊர்களுக்கு அங்கே தரும் பட்டம் அது. இந்த ஊருக்கு அந்தப் பட்டம் 1912-இல்தான் கிடைத்தது. காசினோ அதற்கு எழுபது வருடம் முன்பே வந்துவிட்டது.

காசினோ என்றால் பாடன்-பாடன்தானே நினைவுக்கு வருகிறது. ஏன் ஹோம்பர்க்?

தென்மேற்கு ஜெர்மனியின் ஊற்று நகரமான பாடன்-பாடனை அழகு, பழமை, பிரபலம் என்று பார்த்தால் அடிக்க ஆளில்லை. ஆனால் காசினோ என்பதை ஒரு தொழிலாக நடத்துவது எப்படி என்று உலகம் கற்றுக்கொண்டது ஹோம்பர்கில் என்பது என் கட்சி. வாடிக்கையாளருக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து இழுப்பது, ஜெயித்தவனைக் கொண்டே விளம்பரம் தேடுவது, சூதாட்ட வருமானத்தில் ஊரையே கட்டி எழுப்புவது எல்லாம் இங்கே ஒத்திகை பார்த்த பிறகுதான் மொனாக்கோ நாட்டின் மான்டி கார்லோவில் அரங்கேறின.

இவ்வளவு சின்ன ஊருக்குக் காசினோ எதற்கு?

பணத்துக்குத்தான். அப்போது ஜெர்மனி ஒரே நாடு இல்லை, சின்னதும் பெரியதுமாகப் பல அரசுகள். அவற்றில் ஹெஸ்ஸ-ஹோம்பர்க் மிகச் சிறியது. அரண்மனை இருந்தது, கஜானாவில் காசில்லை. 1818-இல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜின் மகள் எலிசபெத் இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தார். அவர் கொண்டுவந்த பணத்தில் அரண்மனை கொஞ்சம் பளபளப்பானது. ஆனால் சீதனத்தை வைத்து ஓர் அரசை எத்தனை நாள் ஓட்ட முடியும்?

1834-இல் டிராப் என்ற மருத்துவர் ஊருக்கு வெளியே ஓர் உப்புநீர் ஊற்றைக் கண்டெடுத்தார். அந்த நீரைப் பரிசோதித்தவர் வேதியியலாளர் லீபிக். ஊற்றுக்கு எலிசபெத்தின் பெயரையே வைத்தார்கள். அப்போது ஐரோப்பாவின் பணக்காரர்கள் கோடைக்காலத்தில் ஊற்று நீர் குடிக்கவும் குளிக்கவும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். சரி, நமக்கும் ஓர் ஊற்று கிடைத்துவிட்டது, இனிக் கூட்டம் வரும் என்று சிற்றரசர் நினைத்தார். நீர் மட்டும் இருந்து என்ன செய்ய? தங்க விடுதி வேண்டும், நடக்கப் பூங்கா வேண்டும், சாயங்காலம் இசை கேட்க மண்டபம் வேண்டும். கட்டுவதற்கு முதல் போட ஆள் தேடிய நேரத்தில், சரியாக வந்து கதவைத் தட்டியவர்கள்தான் பிளாங்க் சகோதரர்கள்.

யார் இந்த பிளாங்க் சகோதரர்கள்?

தெற்குப் பிரான்ஸில் 1806-இல் பிறந்த இரட்டையர்கள் லூயியும் ஃபிரான்சுவாவும். ஹோம்பர்குக்கு வருவதற்கு முன்பே ஒரு விஷயத்தில் பேர் வாங்கியிருந்தார்கள். அது நல்ல பேர் இல்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஆட்களின் மூளை எப்படி வேலை செய்தது என்பது அதில்தான் தெரியும்.

1830-களில் அவர்கள் போர்தோ நகரில் அரசுக் கடன் பத்திரங்களை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். பாரிஸ் சந்தையில் விலை ஏறியதா இறங்கியதா என்ற செய்தி குதிரை வண்டித் தபாலில் போர்தோ வந்து சேரச் சில நாட்கள் பிடிக்கும். அது முன்கூட்டித் தெரிந்தவனுக்கு லாபம் நிச்சயம். பிரான்ஸில் அப்போது மின்தந்தி இல்லை. மலைகளிலும் கோபுரங்களிலும் பெரிய மரக்கைகளை நிறுத்தி, அவற்றை ஆட்டி, ஒரு கோபுரம் காட்டும் குறியை அடுத்த கோபுரம் தொலைநோக்கியில் பார்த்து அப்படியே திருப்பிக் காட்டும் ஏற்பாடுதான் தந்தி. அதுவும் அரசுச் செய்திக்கு மட்டுமே.

சகோதரர்கள் தூர் நகரத்துத் தந்திக்காரருக்கு லஞ்சம் கொடுத்தார்கள். பாரிஸில் விலை மாறியதும் அவருக்குத் துப்பு வந்துவிடும். உடனே அவர், போய்க்கொண்டிருக்கும் அரசுச் செய்திக்குள் வேண்டுமென்றே ஒரு தவறான குறியைச் செருகுவார். அதை ஒட்டியே 'முந்தைய குறி தவறு, அழிக்கவும்' என்ற குறியையும் அனுப்புவார். வழியில் இருக்கும் கோபுரக்காரர்கள் கண்டதைக் கண்டபடி கடத்துவார்கள். கடைசியில் செய்தியைப் பிரித்து எழுதும் அதிகாரி தவறானதை நீக்கிவிட்டுச் சுத்தமான செய்தியைக் கொடுத்துவிடுவார். ஆனால் போர்தோவில் கோபுரத்தைப் பார்த்தபடி இவர்களுடைய ஆள் ஒருவர் காத்திருப்பார். அவருக்கு வேண்டியது அந்தத் தவறு மட்டும்தான்.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. 1836-இல் தூர் தந்திக்காரர் நோயில் விழுந்தார். தன் இடத்துக்கு வரக்கூடும் என்று நம்பிய இன்னொருவரிடம் ரகசியத்தைச் சொல்ல, குட்டு வெளிப்பட்டது. மறு வருடம் வழக்கு நடந்தது. அரசுத் தந்தியில் தனியார் செய்தியை நுழைப்பது குற்றம் என்று சொல்ல அப்போது சட்டமே இல்லை! ஏறக்குறைய வழக்குச் செலவோடு சகோதரர்கள் தப்பித்தார்கள். தந்தி அரசின் ஏகபோகம் என்ற சட்டம் அதே 1837-இல்தான் வந்தது. கணினிப் பாதுகாப்புத் துறைக்காரர்கள் இன்றைக்கும் இதை உலகின் முதல் வலையமைப்புத் திருட்டு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் ஏன் பிரான்ஸிலேயே காசினோ தொடங்கவில்லை?

முடியாது. 1837 கடைசி நாளோடு பிரான்ஸில் சூதாட்ட விடுதிகள் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். பாரிஸின் பெரிய முதலாளி ஷாக் பெனாஸே உடனே எல்லை தாண்டிப் பாடன்-பாடனுக்குப் போய் 1838-இல் அங்கே குத்தகையை எடுத்தார். நல்ல இடம் அவருக்குப் போய்விட்டது. பிளாங்க் சகோதரர்களுக்கு மிஞ்சியது ஹோம்பர்க். 1840-இல் பேச்சு முடிந்து, 1841-இல் மேசை போட்டார்கள். அவர்கள் செலவில் கட்டிய கூர்ஹவுஸ் (ஊற்று நகரங்களில் விருந்தினர் கூடும் பொது மாளிகை) 1843-இல் திறந்தது.

ஒற்றைப் பூஜ்ய ரூலெட் இங்கேதான் பிறந்ததா?

ரூலெட் என்றால், எண் போட்ட சக்கரத்தைச் சுழற்றி, உருட்டிவிட்ட பந்து எந்த எண்ணில் விழும் என்று பணம் கட்டும் ஆட்டம். அந்தச் சக்கரம் ஏற்கெனவே பாரிஸில் இருந்ததுதான். அதில் 1 முதல் 36 வரை எண்களோடு, ஒரு பூஜ்யமும் ஓர் இரட்டைப் பூஜ்யமும் இருக்கும். பிளாங்க் அந்த இரட்டைப் பூஜ்யத்தை எடுத்துவிட்டார். கேட்டால் சின்ன மாற்றம்தான். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓர் எண்ணில் ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் 35 ரூபாய் லாபம். இரண்டு பூஜ்யமும் இருந்தால் சக்கரத்தில் 38 குழிகள். விடுதியின் பங்கு 38-இல் 2, அதாவது 5.26 சதவீதம். ஒரு பூஜ்யத்தை எடுத்தால் 37-இல் 1, அதாவது 2.70 சதவீதம். பாதியாகக் குறைந்துவிட்டது. ஆடுகிறவனுக்கு இது கண்கூடான சலுகை. பாடன்-பாடனுக்குப் போகிறவன் இங்கே திரும்ப இது போதும்.

விடுதிக்கு நஷ்டமா? அதுதான் வேடிக்கை. பங்கு குறைந்தால் ஆடுகிறவன் கைப்பணம் மெதுவாகக் கரைகிறது. அதனால் அவன் அதிக நேரம் உட்காருகிறான், அதிக நாள் தங்குகிறான், கூட நாலு பேரை அழைத்து வருகிறான். எங்கும் உள்ள மொத்த வியாபாரிக்குத் தெரிந்த கணக்குதான், விலையைக் குறை, விற்பனையைக் கூட்டு. ஐரோப்பாவில் இன்றைக்கும் ஒற்றைப் பூஜ்யம்தான் வழக்கம். அமெரிக்கச் சக்கரங்களில் இரட்டைப் பூஜ்யம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

எண்களின் கூட்டுத்தொகை 666, பிளாங்க் சாத்தானிடம் ஆன்மாவை விற்றார் என்கிறார்களே?

1 முதல் 36 வரை கூட்டினால் 666 வருவது உண்மை. கூட்டிப் பாருங்கள். மீதி கட்டுக்கதை. அந்த எண்கள் பிளாங்குக்கு முன்பே சக்கரத்தில் இருந்தன.

யாராவது காசினோவை ஜெயித்தார்களா?

ஜெயித்தார்கள், ஜெயிக்கவும் விட்டார்கள். முதலில் ஒரு விளக்கம். 'பாங்கை உடைத்தார்' என்று கதைகளில் வருமே, அதற்குக் காசினோ திவாலானது என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு மேசைக்கும் இவ்வளவு என்று ஒரு கையிருப்பு வைத்திருப்பார்கள். அது தீர்ந்தால் அன்றைக்கு அந்த மேசை மூடும், அவ்வளவுதான்.

ஹோம்பர்கை உண்மையிலேயே நடுங்க வைத்தவர் கனினோ இளவரசர் ஷார்ல் லூசியன் போனபார்ட். நெப்போலியனின் தம்பி மகன். 1852-இல் வந்து சில நாட்களில் அள்ளிக்கொண்டு போனார். அப்போதுதான் காசினோ பங்கு வைத்திருந்தவர்களுக்கு இந்தத் தொழிலில் ஆபத்தும் உண்டு என்று உறைத்தது. இவருடைய இன்னொரு முகம் எனக்குப் பிடித்தது. மனிதர் பெரிய பறவையியல் அறிஞர். புறாக்களில் 'ஸெனாய்டா' என்ற ஓர் இனத்துக்குத் தன் மனைவியின் பெயரை வைத்தவர் இவர்தான்.

அடுத்து 1860-இல் ஸ்பெயினிலிருந்து வந்த தோமாஸ் கார்ஸியா. துணிந்து பெரிய தொகைகளாகக் கட்டி மேசைகளைக் காலி செய்தவர். பின்னால் திரும்பி வந்து ஜெயித்ததையெல்லாம் விட்டுவிட்டுப் போனார். பிளாங்குக்கு இதில் இரட்டை லாபம். கார்ஸியா ஜெயித்த செய்தி பாரிஸ் வரை பரவியது, காசு திரும்பி வந்தது. ஜெயித்தவன் தூண்டில் பொன் போல. அதைப் பார்த்துவிட்டு வரும் மீன்கள்தான் முதலாளியின் வருமானம்.

'சில சமயம் சிவப்பு ஜெயிக்கும், பல சமயம் கறுப்பு ஜெயிக்கும், எப்போதும் ஜெயிப்பது வெள்ளை' என்று அந்தக் காலத்தில் ஒரு சொலவடையே உருவானது. பிரெஞ்சில் 'பிளாங்க்' என்றால் வெள்ளை.

சூதாட்டப் பணத்தில் ஊருக்கு என்ன கிடைத்தது?

ஏறக்குறைய இன்று நீங்கள் பார்க்கும் ஊர். கூர்ஹவுஸ் மட்டுமில்லை, நீரூற்றுகளைச் சுற்றி விரியும் பூங்காவும்தான். அதை வடிவமைத்தவர் பிரஷ்ய அரசின் தலைமைத் தோட்டக் கலைஞர் பீட்டர் யோசஃப் லென்னே. 1850-களின் நடுவில் தொடங்கிப் பல வருடம் வேலை நடந்தது. பரப்பு சுமார் 44 ஹெக்டேர். நூறு ஏக்கருக்கும் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். 1860-இல் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ரயில் வந்தது. மற்ற ஊற்று நகரங்கள் குளிர்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க, ஹோம்பர்க் மட்டும் விளக்கேற்றி வைத்துக் காத்திருந்தது. ஜனவரிப் பனியில் எந்த நோயாளி ஊற்று நீர் குடிக்க வருவான்? வந்தவர்கள் எதற்கு வந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் நோய்க்கு மருந்தாக நீர் குடிக்க வந்தோம் என்ற மரியாதையான சாக்கு எல்லாருக்கும் தேவைப்பட்டது. அந்தச் சாக்குக்காகவே ஊற்றைப் பளபளப்பாக வைத்திருந்தார்கள்.

இராணுவத்தை அனுப்பிக் காசினோவை மூடினார்களாமே?

ஆமாம், 1849-இல். அதற்கு முந்திய வருடப் புரட்சியில் பிறந்த ஜெர்மன் தேசிய சபை பக்கத்து ஃபிராங்க்ஃபர்ட்டில்தான் கூடியது. நாடு முழுக்கச் சூதாட்ட விடுதிகள் மே மாதத் தொடக்கத்தோடு மூடப்பட வேண்டும் என்று அது தீர்மானம் போட்டது. ஹோம்பர்க் அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை. வருமானமே அதுதானே! கடைசியில் படை வந்து இறங்கியது. பொது மேசைகளை மூடினார்கள், ஆட்டம் மூடிய கதவுக்குள் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று தொடர்ந்தது. பிறகு சபையே கலைந்து போனது, படையும் போய்விட்டது, மேசைகள் பழைய இடத்துக்கு வந்தன. ஜெர்மனியின் முதல் ஜனநாயக சபையைவிட ரூலெட் சக்கரத்துக்கு ஆயுசு கெட்டி.

தஸ்தயேவ்ஸ்கி பணத்தை இழந்தது இங்கேதானா?

இங்கேயும்தான். ரஷ்ய நாவலாசிரியரான அவர் 1863-இல் வீஸ்பாடன், பாடன்-பாடன், ஹோம்பர்க் என்று ஜெர்மனியின் காசினோ ஊர்களைச் சுற்றினார். 1865-இல் வீஸ்பாடனில் ஒட்டத் துடைத்துக்கொண்டு விடுதி வாடகைக்கே வழியில்லாமல் நின்றார். 1866-இல் ஒரு பதிப்பாளரிடம் செய்துகொண்ட கொடுமையான ஒப்பந்தத்தின் கெடு நெருங்க, 'சூதாடி' நாவலை 26 நாட்களில் வாயால் சொல்லி முடித்தார். சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டவர் அன்னா. மறு வருடம் அவரையே மணந்தார்.

கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை, 1867 மே மாதம் அன்னாவை டிரெஸ்டனில் தனியாக விட்டுவிட்டு ஹோம்பர்குக்குக் கிளம்பிவிட்டார். நாலு நாளில் வருகிறேன் என்ற கணக்கு பத்து நாளாக நீண்டது. கடிகாரத்தை அடகு வைத்தார். தினமும் அன்னாவுக்குக் கடிதம் எழுதினார், பணம் கேட்டும் மன்னிப்புக் கேட்டும். அந்தக் கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. சூதாட்டத்தின் பிடியைப் பற்றி நாவலே எழுதி முடித்தவர், எழுதி ஒரு வருடம்கூட ஆகாத நேரத்தில் அதே பிடியில் கிடந்தார்.

நாவலில் வரும் ஊருக்கு 'ரூலெட்டன்பர்க்' என்று பெயர். அது நாங்கள்தான் என்று வீஸ்பாடனும் ஹோம்பர்கும் உரிமை கொண்டாடுகின்றன. எனக்கு இரண்டையும் கலந்து எழுதியது போலத்தான் தோன்றுகிறது. பெயரின் ஓசை மட்டும் ஹோம்பர்க் பக்கம் சாய்கிறது.

'மான்டி கார்லோவின் தாய்' என்ற பெயர் எப்படி வந்தது?

லூயி 1850-களின் தொடக்கத்திலேயே இறந்துவிட்டார். ஃபிரான்சுவா தனியாகவே தொழிலை நடத்தினார். ஜெர்மன் அரசுகளில் பெரியதான பிரஷ்யாவின் கை ஓங்கிக்கொண்டே போனது. பிரஷ்யாவுக்குச் சூதாட்டம் பிடிக்காது. இந்த ஊர் ரொம்ப நாள் தாங்காது என்று மனிதர் மோப்பம் பிடித்துவிட்டார்.

அதே நேரம் மத்தியதரைக் கடலோரத்தில் மொனாக்கோ இளவரசர் மூன்றாம் ஷார்ல் ஒரு காசினோவை வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தார். நடத்த வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தோற்றுப் போனார்கள். 1863-இல் பிளாங்க் போய் ஐம்பது வருட உரிமையை வாங்கினார். ஹோம்பர்கில் செய்ததையே மறுபடி செய்தார்: விடுதி, தோட்டம், இசை, ஒற்றைப் பூஜ்யம். அந்தக் குன்றுக்கு 1866-இல் மான்டி கார்லோ என்று பெயர் வைத்தார்கள், 1868-இல் ரயில் வந்தது. 1869-இல் குடிமக்களுக்கு வரியே வேண்டாம் என்று இளவரசர் அறிவிக்கும் அளவுக்குப் பணம் கொட்டியது.

குடும்பக் கதையும் ஹோம்பர்க்காரர்களுக்குப் பெருமைதான். ஃபிரான்சுவாவின் இரண்டாம் மனைவி மரி ஹென்ஸல், பக்கத்து ஊர் ஃபிரீட்ரிக்ஸ்டோர்ஃபில் ஒரு செருப்புத் தைப்பவரின் மகள். 1877-இல் ஃபிரான்சுவா இறந்த பிறகு மான்டி கார்லோவை நடத்தியது அந்த அம்மாள். அவர்களுடைய மகள் வழிப் பேத்திதான் மரி போனபார்ட். சிக்மண்ட் ஃபிராய்டின் மாணவி, 1938-இல் நாஜிகளிடமிருந்து தப்பி வியன்னாவை விட்டு ஃபிராய்ட் வெளியேறப் பெரிதும் உதவியவர். ரூலெட் பணம் எங்கெங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள். (இன்னொன்று, அந்த ஃபிரீட்ரிக்ஸ்டோர்ஃபில் ஆசிரியராக இருந்த ஃபிலிப் ரைஸ்தான் 1861-இல் தொலைபேசி போன்ற ஒரு கருவியை முதன்முதலில் காட்டியவர். போர்தோ தந்திக் கதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை.)

காசினோ எப்போது மூடியது?

1866 மார்ச்சில் ஹோம்பர்கின் கடைசிச் சிற்றரசர் ஃபெர்டினாண்ட் வாரிசில்லாமல் இறந்தார். அதே வருடப் போருக்குப் பிறகு ஊர் பிரஷ்யாவின் கைக்கு வந்தது. 1868 ஜூலையில் வந்த சட்டம் பொதுச் சூதாட்ட விடுதிகள் அனைத்துக்கும் கெடு வைத்தது. 1872 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஹோம்பர்கில் ஆட்டம் நின்றது. பாடன்-பாடன், வீஸ்பாடன், பாட் எம்ஸ் ஆகியவையும் அதே 1872-இல் மூடின. ஜெர்மனியில் விட்ட கூட்டம் எல்லாம் எங்கே போயிருக்கும்? ஐரோப்பாவில் பெரிதாக மிஞ்சியிருந்தது மான்டி கார்லோதான்.

அதன் பிறகு ஊர் எப்படிப் பிழைத்தது?

சாக்காக வைத்திருந்த ஊற்று நீர்தான் காப்பாற்றியது. மூடும் முன்பு காசினோ வருமானத்தில் ஒரு பகுதியை ஊரின் எதிர்காலத்துக்கென்று ஒதுக்கி வைக்கச் செய்திருந்தார்கள். 1890 வாக்கில் பெரிய குளியல் இல்லம் ஒன்று எழுந்தது. ஜெர்மன் பேரரசர் குடும்பம் கோடையில் ஹோம்பர்க் அரண்மனைக்கு வரும். பின்னாளில் ஏழாம் எட்வர்டாக முடிசூடிய வேல்ஸ் இளவரசர் அடிக்கடி வந்தார். அவர் இங்கே வாங்கி அணிந்த தொப்பிதான் 'ஹோம்பர்க் தொப்பி' என்று உலகம் சுற்றியது. ஊரின் பெயர் தெரியாதவர்களுக்கும் தொப்பி தெரியும். 1907-இல் சிகிச்சைக்கு வந்த சயாம் அரசர் சுலாலோங்கோர்ன், ஊருக்கு நன்றியாக ஒரு தாய்லாந்து மண்டபத்தைப் பரிசளித்தார். பூங்காவில் நடந்து போகும்போது மரங்களுக்கு நடுவே தங்க நிறத்தில் அது திடீரென்று கண்ணில் படும்.

மறுபடி எப்போது திறந்தது?

1933-இல் நாஜி அரசு தடையைத் தளர்த்தியது. வெளிநாட்டுப் பணம் வேண்டியிருந்தது. ஆனால் அனுமதி பாடன்-பாடனுக்குத்தான் போனது. ஹோம்பர்க் 1949 வரை காத்திருந்தது, 77 வருடம். அதற்கு முந்திய வருடம்தான் மேற்கு ஜெர்மனியில் புதிய மார்க் நாணயம் வந்திருந்தது. அந்த நாணய மாற்றத்தைத் திட்டமிட்ட அலுவலகங்களில் ஒன்று இதே ஊரில் இருந்தது என்பது ஒரு பொருத்தம். பழைய கூர்ஹவுஸைப் போர்க் குண்டுகள் அழித்துவிட்டன. அதே இடத்தில் இப்போது நிற்பது 1980-களின் கட்டடம்.

இப்போது போய்ப் பார்க்கலாமா? ஆட வேண்டுமா?

ஆட வேண்டிய அவசியம் இல்லை. பூங்காவுக்குக் கட்டணம் கிடையாது. எலிசபெத் ஊற்றின் நீரையும் குடித்துப் பார்க்கலாம். உப்பும் இரும்பும் கலந்த சுவை, ஒரு வாய்க்கு மேல் இறங்குவது சந்தேகம். காசினோவுக்குள் நுழைய வேண்டுமானால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடையாளச் சோதனை இல்லாமல் ஜெர்மனியில் எந்தக் காசினோவிலும் விட மாட்டார்கள்.

இன்றைய காசினோ பூங்காவை ஒட்டி, கிஸெலெஃப் தெருவில் இருக்கிறது. தெருவின் பெயர் ஒரு ரஷ்யச் சீமாட்டியுடையது. சோஃபியா கிஸெலேவா, ஜார் அரசின் அமைச்சராக இருந்த பாவெல் கிஸெல்யோவின் மனைவி. கணவரைப் பிரிந்து வந்து ஹோம்பர்கில் வருடக்கணக்காக, நாள் முழுக்க மேசையில் உட்கார்ந்து பெரும் சொத்தை விட்டவர். 'சூதாடி' நாவலில் சக்கர நாற்காலியில் வந்து இறங்கிச் சொத்தைத் தொலைக்கும் பாட்டிக்கு முன்மாதிரி இவர்தான் என்று சொல்வார்கள். ஜெயித்த கார்ஸியாவுக்கு அங்கே தெரு இல்லை.